கல்வி தானமா, உரிமையா?

இல்லறத்தார் இயற்ற வேண்டிய தானங்களை நம் முன்னோர் நான்காகப் பகுத்தனர். உணவு, மருந்து, அபயம், சாஸ்திரம் என்பன அவை. இறுதியில் நிற்கும் சாஸ்திர தானம் நூல் வழங்குதல், கற்பித்தல், கற்பார்க்கு வேண்டுவன செய்து தருதல் ஆகிய யாவற்றையும் அடக்கும். ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்துவதும், ஆண்டுத் தொடக்கத்தில் பாடநூல்கள் வாங்கித் தருவதும் நம் இல்லங்களில் இன்றும் மறையாத வழக்கம். ஆயினும் இத்தானம் குறித்து ஒரு கேள்வி நம்மைச் சற்றே கூச வைக்கிறது. கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பது தானம். பெறுபவர், "இது எனக்குச் சேர வேண்டியது, மறுத்தால் நீதிமன்றம் செல்வேன்" என்று கூறினால் அதற்கு என்ன பெயர்? அவ்வாறு கூறுபவர் வேற்று நாட்டிலிருந்து வந்து நம்மிடையே தங்கியவரின் பிள்ளையாக இருப்பின் நம் மனம் எவ்வாறு இருக்கும்?

இக்கேள்வி கற்பனையாக எழுந்ததன்று. சட்டம் பயிலும் நம் சமூகத்து இளைஞர் ஒருவர், முகாமில் வாழும் இலங்கைத் தமிழ் மாணவர்களுக்காக வழக்காடும் வழக்கறிஞரிடம் தாம் பயிற்சி பெறுவதாக ஒரு மண வீட்டில் கூறினார். பந்தியில் அருகமர்ந்திருந்த பெரியவர், "தம்பி, இருக்க இடம் கொடுத்தாயிற்று, பிள்ளைகளைப் படிக்கவும் வைத்தாயிற்று. இனி வழக்கும் போடுவார்களா?" என்றார். அவர் கல் நெஞ்சினர் அல்லர். ஆண்டுதோறும் பல பிள்ளைகளுக்குக் கல்விச் செலவை ஏற்பவர். ஆதலால்தான் அவர் சொன்னதை எளிதில் ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை.

நாம் வாழும் இலுப்பூரிலிருந்து அன்னவாசல் வழியே சிறிது தொலைவு சென்றால் சித்தன்னவாசல் குன்று. ஓவியங்களைக் காண வருவோர் பலர். குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம் வரை ஏறுவோர் சிலர். அங்குள்ள கற்படுக்கைகளில் ஒன்றன் அருகே, கிறிஸ்துவுக்கு முற்பட்ட ஒன்றாம் நூற்றாண்டை ஒட்டியது என்று ஆய்வாளர் கருதும் தமிழி எழுத்துக் கல்வெட்டு உள்ளது. எருமி நாட்டில் குமுழூரில் பிறந்த காவுடி ஈதென் என்பவருக்கு உள்ளூர் இளையர் இருக்கை செய்து கொடுத்த செய்தியை அது கூறுகிறது. எருமி நாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பது அறிஞர் சிலர் கருத்து. அஃதாயின் இவ்வட்டாரத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்று, வேற்று நாட்டில் பிறந்த ஒருவருக்கு இவ்வூரார் இடம் கொடுத்ததைப் பதிந்து வைத்த சான்றாகும். பிறந்த ஊரை மறைக்கவும் இல்லை. அதனைக் காரணம் காட்டி விலக்கவும் இல்லை. அறவோர் தங்கிய 'பள்ளி' என்னும் சொல்லே பின்னர்க் கல்விக்கூடத்திற்கும் ஆயிற்று என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் பெருமையோடு சொல்லி வருகிறோம்.

ஆனால் அந்தக் கற்படுக்கையும் தானமே. ஈதெனார் அதனைக் கேட்டு வாங்கியதாகக் கல்வெட்டில் இல்லை.

நம் மாவட்டத்திற்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு பழையது. 19ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கூட்டம் கூட்டமாகக் கண்டிச் சீமைக்குச் சென்றனர். காப்பித் தோட்டமும் பின்னர்த் தேயிலைத் தோட்டமும் அவர்கள் உழைப்பால் எழுந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்நாட்டுக் குடிமக்களும் அல்லாதவர் ஆயினர். 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர்ப் பேசிக்கொள்ளப்படுவர் என்பது கணக்கு. மனிதரை மூட்டை போல் எண்ணிப் பிரித்த ஒப்பந்தம் அது என்றே நமக்குத் தோன்றுகிறது. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் கடல் கடந்து வந்தவர்களுள் அந்த மலையகத் தமிழரும் கணிசமானோர். 2021இல் தமிழக அரசு அளித்த விவரப்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,800 பேர் இருந்தனர். வெளியே பதிவு பெற்று வாழ்ந்தோர் 34,000 பேர். நம் மாவட்டத்தில் லேனாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை என்னும் மூன்று இடங்களில் முகாம்கள் உள்ளன. அவற்றில் வளரும் பிள்ளைகளுள் சிலருடைய பாட்டனுக்குப் பாட்டன் இம்மண்ணிலேயே பிறந்தவராக இருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது.

அந்நாளில் நாம் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. முகாம் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தபோது அவர்களிடம் மாற்றுச் சான்றிதழ் இல்லை; பலரிடம் பிறப்புச் சான்றும் இல்லை. எரிந்த வீட்டிலிருந்து அதனையா எடுத்து வருவர்? தாய் சொன்ன வயதையே எழுதினோம். குறிப்பேட்டைக் 'கொப்பி' என்பர். வகுப்பை 'ஆண்டு' என்பர். நம்மை 'ரீச்சர்' என்பர். நம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வாரம் சிரித்தனர்; இரண்டாம் வாரம் தாமும் 'கொப்பி' என்றனர். சத்துணவுக் கூடத்தில் ஒரே வரிசை. சேர்க்கைப் பதிவேட்டில் 'நாட்டினம்' என்றொரு கட்டம் உண்டு. அதில் 'இலங்கை' என எழுதியபோது அது பின்னாளில் எத்துணை கனக்கும் என்பதை எவரும் எண்ணவில்லை.

அரசும் அன்று தாராளமாகவே இருந்தது. பள்ளிகள் திறந்திருந்தன. தொழிற்கல்லூரிகளில் அம்மாணவர்களுக்கெனச் சில இடங்களும் ஒதுக்கப்பட்டன. தந்தை செல்வாவின் மகனும் வழக்கறிஞருமான சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்தோறும் மாலை வகுப்புகள் நடத்திற்று.

1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அக்கொடுஞ்செயலை நினைக்கையில் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது. அதன் பின்னர் முகாம்களின் மீது கட்டுப்பாடுகள் இறுகின. கல்வி நிலையங்களில் அகதி மாணவரைச் சேர்ப்பதற்குத் தடை வந்தது. கல்லூரி ஒதுக்கீடும் நீங்கிற்று. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. எட்டாம் வகுப்பை நம்மிடம் முடித்த மாணவி ஒருத்தி, உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சேரச் சென்று, சான்றிதழை மடித்துக் கையில் பிடித்தபடியே திரும்பி வந்து நின்றாள். "ரீச்சர், நான் என்ன பிழை செய்தனான்?" என்று கேட்டாள். அழவில்லை, உண்மையாகவே விடை வேண்டிக் கேட்டாள். சில ஆண்டுகளில் தடை தளர்ந்தது, சேர்க்கை மீண்டது. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குச் சில ஆண்டுகள் என்பது பள்ளிப் பருவம் முழுவதுமே ஆகும். அவள் பிறகு படிக்கவில்லை.

அன்று நிகழ்ந்ததை நாம் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு. அரசு கொடியது என்று கூறிவிட்டால் போதாது. நாடே துயரிலும் சினத்திலும் ஆழ்ந்திருந்த காலம் அது. மனமுவந்து கொடுக்கப்பட்டது, மனம் மாறியபோது நிறுத்தப்பட்டது, அவ்வளவே. தானத்தின் இயல்பு அதுதான். கொடுப்பவர் உள்ளத்தில் அது நிற்கிறது. அவ்வுள்ளம் அசைந்தால் அதுவும் அசையும். அப்பெரியவரின் கேள்விக்கு முதல் விடை இங்கே இருப்பதாக நமக்குப் படுகிறது.

இதே கேள்வியை வேறொரு தேசத்தில் நீதிபதிகள் ஆராய்ந்த வரலாறு ஒன்றை இங்குச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம் 1975இல் தன் கல்விச் சட்டத்தைத் திருத்தியது. முறையான அனுமதியின்றி நாட்டிற்குள் வந்த பிள்ளைகளின் படிப்புக்கு மாநில நிதி கிடையாது. பள்ளி நிர்வாகங்கள் அவர்களைச் சேர்க்காமலும் இருக்கலாம் என்பது திருத்தம். டைலர் என்ற நகரம் ரோஜாப் பூக்களுக்குப் பெயர் பெற்றது. அங்கு உழைத்த மெக்சிகோ நாட்டுக் குடும்பங்களிடம், பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டினால்தான் இடம் என்று 1977இல் பள்ளி நிர்வாகம் கூறிற்று. கூலி வேலை செய்வோருக்கு அது எட்டாத தொகை. சில குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. மெக்சிகோ வழி அமெரிக்கர்களுக்கான சட்டப் பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்பின் வழக்கறிஞர் பீட்டர் ரூஸ் அவர்களுக்காக வாதாடினார்.

அக்குடும்பங்களின் அச்சத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்குத் தொடுப்பது என்பது, 'அனுமதியின்றி வந்தவர் நாங்கள்' என்று அரசின் முன் தாமே எழுந்து நிற்பதாகும். நீதிபதி வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ், பிறர் கண்ணில் படாதிருக்க விடியற்காலையிலேயே விசாரணை வைத்தார். நீதிமன்றத்திலிருந்து நேரே நாடு கடத்தப்படலாம் என்று அஞ்சி, உடைமைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டே பெற்றோர் வந்தனர். அவர்கள் பெயர் வெளிவராதவாறு 'டோ' என்னும் பொதுப் பெயர் இடப்பட்டது. டோ என்பது யாருடைய குடும்பப் பெயரும் அன்று. பெயரை மறைக்க வேண்டியவர்களுக்கு அந்நாட்டு நீதிமன்றங்கள் இடும் பெயர். பிளைலர் என்பவர் பள்ளி மேற்பார்வையாளர். ஆகவே அவ்வழக்கு 'பிளைலர் எதிர் டோ' என்று வழங்குகிறது. இதில் நமக்கு அபய தானத்தின் சாயல் தெரிகிறது. அஞ்சி நின்றவருக்கு அச்சம் நீங்கிப் பேச இடம் செய்து கொடுத்தவர் அந்த வழக்கறிஞரும் நீதிபதியும்.

1982 ஜூன் 15இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி பிரென்னன் எழுதினார். அந்நாட்டு அரசமைப்பின் 14ஆவது திருத்தம், ஆட்சி எல்லைக்குள் உள்ள 'எந்த மனிதருக்கும்' சட்டத்தின் சமப் பாதுகாப்பு உண்டு என்கிறது. 'எந்தக் குடிமகனுக்கும்' என்று கூறவில்லை. எல்லை தாண்டியது பெற்றோர் செயல். அதற்காகப் பிள்ளைகளைத் தண்டிப்பது நீதியாகாது என்றார் அவர். மேலும் நுட்பமான ஒன்றையும் கூறினார். கல்வி அந்நாட்டு அரசமைப்பு வழங்கிய அடிப்படை உரிமை அன்று. ஆனால் அரசு விரும்பினால் கொடுக்கும் பிற சலுகைகளைப் போன்றதும் அன்று. அதனை மறுப்பது பிள்ளையின் வாழ்நாள் முழுதும் நீங்காத வடுவாகும். தானம் என்றும் சொல்ல இயலாமல், உரிமை என்றும் முழுதாகச் சொல்ல இயலாமல் அவர் இடையில் ஓர் இடம் தேடியதைக் காண்கிறோம்.

மாறுபட்ட நால்வரின் கருத்தும் சிந்தித்தற்குரியது. தலைமை நீதிபதி பர்கர், இப்பிள்ளைகளுக்குக் கல்வி மறுப்பது அறிவுடைமை அன்று என்பதில் தமக்கு ஐயமில்லை என்றே எழுதினார். ஆனால் அதனைத் திருத்துவது சட்டமன்றத்தின் வேலை. நீதிமன்றத்தின் வேலை அன்று என்றார். அதாவது, கொடுப்பது நன்று. ஆனால் கொடுக்குமாறு கட்டாயப்படுத்த நமக்கு அதிகாரமில்லை என்பது அவர் நிலை. மண வீட்டுப் பெரியவரும் ஏறக்குறைய அதையே கூறினார். அநேகாந்தம் பயின்ற நாம் அந்நிலையிலும் ஒரு கூறு உண்மை இருப்பதை ஒப்புக்கொள்வோம். எல்லா நன்மைகளையும் நீதிமன்றக் கட்டளையால் செய்துவிட முடியாது. இருப்பினும் ஐந்துக்கு நான்கு என்ற அந்த ஒரு வாக்கு மறுபக்கம் விழுந்திருப்பின், டைலர் நகரத்துப் பிள்ளைகள் சட்டமன்றம் மனமிரங்கும் வரை தெருவில் நின்றிருப்பர்.

இனி வினையைப் பற்றி ஒரு சொல். "முகாமில் பிறப்பது அவரவர் முன்வினை, நாம் என்ன செய்ய இயலும்?" என்று கூறுவோர் நம்மிடையேயும் உண்டு. ஜினதர்மத்தின் வினைக் கொள்கையை இதைவிடத் தவறாகப் பயன்படுத்த முடியாது. தான் செய்த வினையின் பயனைத் தானே நுகர வேண்டும்; தந்தையின் வினை மகனுக்கு ஒட்டாது என்பது நம் கொள்கை. எனவே கடல் தாண்டி வந்ததும் எல்லை கடந்ததும் பிழையாயினும், அது பிள்ளையின் கணக்கில் எழுதப்படுவதற்கில்லை. பிரென்னன் சமண நூல் கற்றவர் அல்லர்; ஆயினும் இவ்விடத்தில் அவர் சொல்லும் நம் ஆசாரியர் சொல்லும் பொருந்தி வருகின்றன. பிள்ளையின் பிறப்பு அப்பிள்ளையின் முன்வினையே என்று கொண்டாலும், அதற்கு மேல் நாம் இடும் தடை நம் வினை அல்லவா? தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி முனிவர், ஞானாவரணீய கர்மம் ஊறும் வாயில்களை எண்ணுகையில், பிறர் அறிவு பெறுவதற்கு இடையூறு செய்தலையும் ஒன்றாக வைத்துள்ளார். பிறர் கற்பதைத் தடுத்தவரின் அறிவை அவ்வினையே மறைக்கும் என்பது பொருள். அங்கே 'தன் நாட்டார்', 'அயல் நாட்டார்' என்ற பிரிவு இல்லை. பாத்திரம் அறிந்து கொடுக்க வேண்டும் என்ற விதி உண்டே எனலாம். உண்டு, அது அறவோர்க்கு அளிக்கும் தானத்திற்கு உரியது. துன்புற்றோர்க்குச் செய்யும் கருணா தானத்திற்குத் தகுதி தேடும் வேலை இல்லை.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? ஆசிரியராக இருந்த பழக்கத்தால் சட்டத்தையும் இலக்கணம் போலவே படிக்கிறோம். பெயர்ச்சொல்லைப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். அரசமைப்பின் 14ஆம் உறுப்பும் 21ஆம் உறுப்பும் 'மனிதர்' பற்றிப் பேசுகின்றன. 15, 19 ஆகியவை 'குடிமகன்' என்கின்றன. அரசின் கல்வி நிலையங்களில் சமயம், இனம், சாதி, மொழி ஆகியவை காரணமாக இடம் மறுக்கக் கூடாது என்னும் 29ஆம் உறுப்பும் 'குடிமகன்' என்றே கூறுகிறது. 1992இல் மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழும் உரிமையினின்று கல்வி உரிமை பிறக்கிறது என்று முதன்முறையாகத் தெளிவுபடக் கூறிற்று. பெயரைக் கண்டதும் நம்மவர் வழக்கு என்று மகிழ்வோர் உண்டு, மகிழலாம். தனியார் மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 60,000 ரூபாய் கேட்டதை எதிர்த்து உத்தரப் பிரதேச மாணவி தொடுத்த வழக்கு அது. அடுத்த ஆண்டு உன்னிகிருஷ்ணன் வழக்கில் அவ்வுரிமை 14 வயது வரை எனச் சுருக்கப்பட்டது. இவ்விரு தீர்ப்புகளும் பெரிதும் குடிமக்களை நோக்கியே பேசின. பின்னர் 2002இல் 86ஆவது திருத்தம் 21-அ என்ற உறுப்பைச் சேர்த்தது. அதில் நிற்கும் பெயர்ச்சொல் மூன்றாவது ஒன்று: 'குழந்தை'. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளும் என்று அது கூறுகிறது. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் அவ்வாறே. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கை மறுக்கலாகாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாயிற்று என்றும் மறுக்கலாகாது. நாம் முன்பு இரக்கத்தால் செய்ததை இப்போது எந்தப் பள்ளியும் கடமையாகச் செய்தாக வேண்டும்.

இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. 1992 டிசம்பரில் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றுள்ளது. எனவே அகதி என்ற பெயரால் கிடைக்காதது குழந்தை என்ற பெயரால் கிடைக்கிறது. குழந்தைப் பருவமோ முடிந்து போவது. பதினான்கு வயது நிறைந்த மறுநாள் அதே பிள்ளை சட்டத்தின் கண்ணில் வேற்று நாட்டவர் ஆகிறது. 1987 ஜூலைக்கு முன் இந்நாட்டில் பிறந்தோர் பிறப்பால் குடிமக்கள். அதன் பின் 2004 டிசம்பர் வரை பிறந்தோர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். அப்பால் விதி மேலும் இறுகிற்று. ஆதலால் முகாமில் பிறந்து, தமிழ்வழிப் பள்ளியில் கற்று, பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்டத்திலேயே சிறந்து விளங்கினும், மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் குடியுரிமை கேட்கும் வரியில் அம்மாணவி நின்றுவிடுகிறாள்.

வழக்கறிஞர்கள் நுழைவது இவ்விடத்தில்தான். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்சி முகாம்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்தம் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்மணி ஒருவர், 'பிறப்பால் நான் இந்தியர்' என்று வழக்காடி, 2022இல் கடவுச்சீட்டுக்கு ஆணை பெற்றார். 2024 தேர்தலில் வாக்களித்தார். தமிழக அரசும் 2021இல் முகாம்களின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றி, 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களையும் கல்வி உதவிகளையும் அறிவித்தது. நன்றியோடு சொல்ல வேண்டியது இது. ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை.

2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, இந்தியா ஒரு தருமசாலை அன்று என்று வாய்மொழியாகக் கூறியதைச் செய்தித்தாள்களில் கண்டோம். அது தண்டனைக் காலம் முடிந்த ஓர் இலங்கைத் தமிழரை வெளியேற்றுவது பற்றிய வழக்கு. மாணவர் வழக்கு அன்று. அதனை இதனோடு கலந்து சினம் கொள்வது முறையாகாது. எனினும் தருமசாலை நம் சொல். யாத்திரைத் தலந்தோறும் நாம் கட்டி வைத்திருப்பது. அதன் முறைகளை நாம் அறிவோம். மூன்று நாள் தங்கலாம். பாயும் விளக்கும் தருவோம். நான்காம் நாள் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். கல்வியை அவ்வாறு கொடுக்க இயலுமா? மூன்றாம் வகுப்பு வரை படிக்க வைத்து, நாள் முடிந்தது என்று அனுப்புவதற்குப் பெயர் கல்வியா?

நம் சமூகத்தின் அண்மை வரலாற்றையும் மறவாதிருப்போம். சமணர்க்குத் தேசியச் சிறுபான்மைத் தகுதி வேண்டும் என்று நம்மவர் பல்லாண்டு கோரினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2005இல் பால் பாட்டீல் வழக்கில் நீதிமன்றம் அவ்வாறு ஆணையிட மறுத்தது. முயற்சி நிற்கவில்லை. 2014 ஜனவரியில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதனால் நம் கல்வி நிலையங்களுக்கும் மாணவர்க்கும் விளைந்த நன்மையை நாம் அறிவோம். நாம் கேட்டபோது அது உரிமை. பிறர் கேட்டால் நன்றியின்மை என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

ஒரு தடையை மட்டும் நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். பள்ளிக் கல்வி பகிர்ந்தால் குறையாது. ஐம்பது பேர் அமர்ந்த வகுப்பில் இருவர் கூடினால் யார் கற்றதும் சுருங்காது. கல்லூரி இடம் அப்படிப்பட்டதன்று. ஒருவர் பெற்றால் ஒருவர் இழக்கிறார். இழப்பவர் இலுப்பூரின் வறண்ட காட்டில் கூலி வேலை செய்பவரின் மகளாகவும் இருக்கலாம். அவளை மறந்து பேசுவது அறமாகாது. எனவே நம் கருத்து இது: முகாம் மாணவர்க்குத் தனி ஒதுக்கீடு எத்துணை என்பது அரசு ஆராய்ந்து கூட்டவும் குறைக்கவும் கூடியது, அதில் தானத்தின் தன்மை உண்டு. ஆனால் தேர்வில் போட்டியிடுவதையே தடுப்பது வேறு. இங்கே பிறந்து இங்கே கற்ற மாணவி தன் மதிப்பெண்ணோடு வரிசையில் நிற்பதைத் தடுக்க எவருக்கும் நியாயம் இல்லை. அதற்காக வழக்காடும் இளைஞரை நாம் வாழ்த்த வேண்டும்.

நம் மொழி பேசுவோர், நம் உறவு போன்றோர் என்பதால் இவ்வளவும் எளிதாகச் சொல்கிறோமா என்ற ஐயமும் நமக்கு எழுந்தது. தில்லியில் ரோகிங்கியா அகதிகளின் பிள்ளைகளைப் பள்ளிகளில் சேர்க்கக் கோரி ஒரு தொண்டு அமைப்பு பொதுநல வழக்குத் தொடுத்தது. 2024 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம், இது பாதுகாப்பும் குடியுரிமையும் தொடர்பானது, உள்துறையை அணுகுக என்று கூறி வழக்கை ஏற்கவில்லை. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் முதலில் பள்ளிகளை அணுகட்டும், மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றம் செல்லட்டும் என்றது. முழு வெற்றி அன்று. எனினும் மூடிய கதவில் ஒரு தாழ் விலகியது. அப்பிள்ளைகளின் மொழி நமக்கு விளங்காது, உணவு வேறு, சமயம் வேறு. சட்டத்தின் 'குழந்தை' என்ற சொல்லோ அவர்களையும் அடக்கும்.

உரிமையும் என்றும் நிலைத்திருப்பதன்று என்பதையும் சொல்ல வேண்டும். பிளைலர் தீர்ப்பை மாற்றச் செய்யும் நோக்கத்தோடு அமெரிக்காவின் டென்னசி மாநில மேலவை 2025இல் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அது அவ்வாண்டு கீழவையில் நின்று போயிற்று. தானம் ஒருவர் மனம் மாறினால் நின்றுவிடும். உரிமையை நீக்கச் சட்டமன்றம் கூட வேண்டும், வாக்கெடுக்க வேண்டும், நீதிமன்றத்தில் காரணம் கூற வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு பெண் பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்துவிடலாம். 1991இல் நம் மாணவிக்குக் கிடைக்காமல் போனது அந்த இடைவெளிதான்.